வேலூரிலிருந்து கடலுக்கு: மெரினாவா, மாமல்லபுரமா, புதுச்சேரியா?

தேர்வு முடிந்து பள்ளிக்கூடம் பூட்டியதும் வேலூர் வீடுகளில் பிள்ளைகள் முதலில் கேட்பது கடல். மலைக்கு நமக்குக் குறைவில்லை, எந்தப் பக்கம் திரும்பினாலும் பாறைக்குன்று நிற்கிறது. பாலாற்றில் மணலும் இருக்கிறது. அலையைத்தான் கிழக்கே 130, 140 கிலோமீட்டர் போய்ப் பார்க்க வேண்டும். இளைஞர்கள் நான்கு பேர் கிளம்பினால் அது ஒரு தூரமே இல்லை. முழங்கால் வலியுள்ள ஆயா, நான்கு வயதுப் பேத்தி, திங்கட்கிழமை காலையில் கடை திறந்தாக வேண்டிய அப்பா என்று ஒரு குடும்பமாகக் கிளம்பினால் அதே தூரம் வேறு விதமாக நீளும்.

ரயிலேறிச் சென்னைக்குப் போய்விடலாமா, மாமல்லபுரத்தில் தங்கலாமா, எல்லோரும் போகிற புதுச்சேரிக்கே போகலாமா என்று வாசகர்கள் கேட்டபடி இருக்கிறார்கள். மூன்றும் நல்ல இடங்கள்தான். எது உங்கள் வீட்டுக்கு நல்லது என்பது அந்த ஊரின் அழகைவிட உங்களுடன் யார் வருகிறார்கள், எத்தனை இரவு தங்க முடியும் என்பதைப் பொறுத்தது.

எதை வைத்து முடிவெடுப்பது?

எனக்கு முதல் அளவுகோல் நடுப்பகல். கடற்கரைப் பயணத்தைத் திட்டமிடுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை. நம் கிழக்குக் கரையில் கோடைக்காலத்தில் காலை ஒன்பது மணிக்கெல்லாம் மணல் சுடத் தொடங்கிவிடும். மாலை நான்கு மணிக்கு மேல் சூரியன் முதுகுப் பக்கம் சாய்ந்து, கடல்காற்றும் சேர்ந்துகொண்ட பிறகுதான் குழந்தையின் கால் தாங்கும் சூட்டுக்கு மணல் ஆறும். ஆகவே, விடிந்ததும் மூன்று மணி நேரம், பொழுது சாயும்போது இரண்டு மணி நேரம், இவ்வளவுதான் கடல் நமக்குக் கிடைக்கிறது. இடையில் ஆறேழு மணி நேரம் சும்மா கிடக்கிறது. கடலோர ஊர்க்காரர்களுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. வெயில் ஏறினால் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுத் தூங்குவார்கள், ஐந்து மணிக்கு மறுபடியும் வந்து உட்காருவார்கள். அவர்களுடைய நிதானம் அந்த வீட்டிலிருந்துதான் வருகிறது. நமக்கு அங்கே வீடு கிடையாது. அந்த ஆறேழு மணி நேரத்துக்கு நிழலும் கழிப்பறையும் படுக்க இடமும் எங்கே கிடைக்கும் என்ற கேள்விக்கு விடை இருந்தால் பயணம் நன்றாக அமையும். இல்லையென்றால் காருக்குள் ஏசி போட்டுக்கொண்டு எல்லோரும் எல்லோர் மேலும் எரிந்து விழுவதில் விடுமுறை கழியும்.

இரண்டாவது, மணலில் நடக்க வேண்டிய தூரம். தார்ச்சாலையில் அரைக் கிலோமீட்டர் நடந்துவிடும் பெரியவர்கள்கூட மணலில் நூறடி நடந்ததும் நின்றுவிடுவார்கள். கால் புதையும், இடுப்பு வலிக்கும், "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன், நீங்கள் போய்வாருங்கள்" என்பார்கள். கடல் பார்க்க அழைத்துவந்தவரைக் கடல் தெரியாத இடத்தில் உட்கார வைத்துவிட்டு அலையில் விளையாட எனக்கு மனம் வராது.

மூன்றாவது தண்ணீர். வேலூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் கிணற்றிலும் ஏரியிலும் நீந்தப் பழகியவர்கள். கிணற்றில் கரை நான்கு பக்கமும் எட்டும் தூரத்தில் இருக்கும், தண்ணீர் அசையாது. கடல் இழுக்கும். கரைக்கு வந்த அலை திரும்பிப் போகும்போது சில இடங்களில் ஒடுங்கிய ஓட்டமாகச் சேர்ந்து வேகமாக உள்ளே போகும், நன்றாக நீந்தத் தெரிந்தவரையும் சேர்த்துக்கொண்டு போகும். மூன்று இடங்களிலும் இந்த ஆபத்து உண்டு. "எங்கள் பையனுக்கு நீச்சல் தெரியும்" என்பதை எந்தக் கடற்கரையிலும் ஒரு பாதுகாப்பாக எண்ணாதீர்கள். கணுக்கால் நனைந்தால் போதும். வளர்ந்தவர் ஒருவர் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டுப் பிள்ளைகளை மட்டுமே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும்.

கடைசியாகச் செலவு. ரூபாய்க் கணக்கை எல்லோரும் போடுகிறார்கள். உழைப்புக் கணக்கைத்தான் யாரும் போடுவதில்லை. கட்டுச்சோறு எடுத்துப்போனால் மலிவு என்று சொல்லிவிடுகிறோம். அந்தப் புளியோதரைக்கும் தயிர் சாதத்துக்கும் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்தவர் யார்? போக வர 280 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, மணலில் எல்லோரும் உட்காரும்போது வண்டிக்குள் கண்ணயர்ந்து கிடப்பவர் யார்? அந்த இருவருக்கும் அன்று விடுமுறை கிடைத்ததா என்று கேட்டுப் பார்த்துத்தான் ஒரு பயணத்தை நல்லது என்றோ மோசம் என்றோ சொல்வேன்.

மெரினா: ரயிலில் போய் இரவு திரும்புவது

ஒரே நாள்தான் இருக்கிறது, கையில் பணமும் அளவாகத்தான் இருக்கிறது என்றால் வேறு யோசனையே வேண்டாம், மெரினாதான். காட்பாடியிலிருந்து சென்னை சென்ட்ரல் ஏறக்குறைய 130 கிலோமீட்டர், விரைவு ரயிலில் இரண்டு, இரண்டரை மணி நேரம். முன்பதிவில்லாப் பெட்டியில் ஒருவருக்கு நூறு ரூபாய்க்குள் அடங்கிவிடும். ஐந்து வயது ஆகாத குழந்தைக்கு டிக்கெட் வேண்டாம். ஜோலார்பேட்டையிலிருந்து வரும் ஏலகிரி எக்ஸ்பிரஸில் விடியற்காலையில் ஏறினால் பள்ளிக்கூட மணி அடிக்கும் நேரத்துக்குச் சென்னை. திருவண்ணாமலையிலிருந்து வேலூர் கன்டோன்மென்ட் வழியாகச் சென்னை கடற்கரை நிலையம் வரை போகும் மின்தொடர் ரயிலும் இருக்கிறது. 2024 மே மாதத்துக்கு முன் அது கன்டோன்மென்ட்டோடு நின்ற வண்டி. மெதுவாகத்தான் போகும். ஆனால் ஊருக்குள்ளேயே ஏறிக்கொள்ளலாம், காட்பாடி வரை ஆட்டோ பிடிக்க வேண்டாம்.

ரயிலின் பெரிய நன்மை, யாரும் வண்டி ஓட்ட வேண்டாம் என்பது. அப்பாவும் சன்னலோரம் உட்கார்ந்து வேர்க்கடலை உடைக்கலாம். போகும் வழியெல்லாம் பிள்ளைகள் கால் நீட்டி நடக்கலாம், கழிப்பறைக்காக வண்டியை நிறுத்தச் சொல்ல வேண்டியதில்லை.

சென்ட்ரலில் இறங்கியதும் நேராகக் கடலுக்குப் போகாதீர்கள். நீங்கள் போய்ச் சேரும் நேரத்தில் மணல் சுடும். எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போங்கள். சென்ட்ரலிலிருந்து மெட்ரோவில் ஒரே நிறுத்தம், அங்கிருந்து ஆட்டோவில் சிறிது தூரம். 1851-இல் தொடங்கிய அருங்காட்சியகம் அது. செப்புத் திருமேனிக் கூடத்தில் பெரியவர்கள் நிற்பார்கள், திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டுக்குக் கீழே பிள்ளைகள் நிற்பார்கள். மாலையில் பார்க்கப்போகும் கடலுக்குள் என்ன இருக்கிறது என்று காலையிலேயே காட்டிவிடலாம். மர நிழல், கழிப்பறை, உட்கார இடம் எல்லாம் அங்கே உண்டு. வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் அந்த ஒரு கிழமையை மட்டும் தவிர்த்துவிடுங்கள். நடுப்பகலில் கோயிலுக்குப் போகலாம் என்று எண்ணிவிடாதீர்கள். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் உச்சிவேளைக்கு நடை சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள்.

நான்கு மணிக்கு சென்ட்ரலுக்கு எதிரே பூங்கா நகர் நிலையத்தில் பறக்கும் ரயிலில் ஏறித் திருவல்லிக்கேணியிலோ கலங்கரை விளக்கத்திலோ இறங்கலாம். பிள்ளைகளுக்குக் கூரைகளுக்கு மேலே போகும் அந்த ரயிலே ஒரு கொண்டாட்டம். ஆனால் அந்த நிலையங்களில் படிகள் மிகுதி. முழங்கால் வலிக்காரர் உடன் இருந்தால் சென்ட்ரலிலிருந்தே ஆட்டோ பிடித்துவிடுங்கள்.

இனி மெரினாவின் குறை. சாலையிலிருந்து அலை வரை மணலின் சராசரி அகலமே 300 மீட்டர். முன்பு சொன்ன ஆயாவுக்கு அது பெரும் பாலைவனம். இதற்கு ஒரு தீர்வு உண்டு, பலருக்குத் தெரியவில்லை. விவேகானந்தர் இல்லத்துக்கு எதிரே, மாற்றுத்திறனாளிகளுக்கென்று மணல்மேல் போட்ட மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. சக்கர நாற்காலியில் அலை தெரியும் இடம் வரை போகலாம், மூத்தவர்களும் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நடக்கலாம். வாழ்நாளில் ஒருமுறைகூடக் கடலைக் கிட்டத்தில் பார்க்காத பெரியவர் வீட்டில் இருந்தால் இந்தப் பாதை ஒன்றுக்காகவே மெரினாவைத் தேர்ந்தெடுப்பேன். அதே விவேகானந்தர் இல்லம் 1842-இல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த பனிக்கட்டியைச் சேமிக்கக் கட்டியது. பனிக்கட்டி கடல் கடந்து வந்த கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், கேள்விகள் நிற்காது.

மெரினாவில் குளிக்கத் தடை உண்டு. கால் நனைக்கப் போகிறவர்கள் காவலர் சொல்லும் எல்லைக்குள் நில்லுங்கள்.

திரும்பும் நேரத்தில்தான் பலரும் கெடுத்துக்கொள்கிறார்கள். ஏலகிரி எக்ஸ்பிரஸும் திருவண்ணாமலை மின்தொடரும் மாலை ஆறு மணியை ஒட்டிக் கிளம்பிவிடும். அவற்றைப் பிடிக்க வேண்டுமென்றால், கடல் இதமாகத் தொடங்கும் வேளையில் நீங்கள் எழுந்து ஓட வேண்டும். இரவு எட்டு மணிக்கு மேல் சென்ட்ரலிலிருந்து மேற்கே போகும் ரயில்களில் பலவும் காட்பாடியில் நிற்கும். அவற்றில் ஒன்றில் முன்கூட்டியே இடம் பதிவு செய்துவிட்டால் ஏழு மணி வரை சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் தின்றுகொண்டு நிம்மதியாக உட்காரலாம். இரவு பத்து, பதினொரு மணிக்குக் காட்பாடியில் இறங்கி ஊருக்குள் வர ஆட்டோக்காரர் கேட்கும் கூலியையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். குதிரைச் சவாரி, ராட்டினம், பலூன், பொரி என்று மணலில் கரையும் சில்லறையும் சேர்ந்தால் ரயில் டிக்கெட்டைவிட அது அதிகமாகிவிடும். கிளம்பும்போதே பிள்ளைக்கு இவ்வளவு என்று கையில் கொடுத்துவிட்டால் மணலில் சண்டை வராது.

மாமல்லபுரம்: ஓர் இரவு தங்குவது

வேலூர்க் குடும்பங்களில் பெரும்பாலோருக்கு நான் சொல்லும் இடம் இதுதான். ஆனால் ஓர் இரவு அங்கே தங்க வேண்டும்.

ஆற்காடு, காவேரிப்பாக்கம், காஞ்சிபுரம், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாகப் போனால் ஏறக்குறைய 140 கிலோமீட்டர். காரில் மூன்று மணி நேரம் என்பார்கள். வாலாஜாபேட்டைக்கு அப்பால் ஆறுவழிச் சாலைப் பணி பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டிருப்பதால் மூன்றரை என்று வைத்துக்கொள்வது நல்லது. லிட்டருக்கு 15 கிலோமீட்டர் தரும் காருக்குப் போக வர 19 லிட்டர் ஆகும். லிட்டர் 100 ரூபாய் என்று போட்டால் 1,900. சென்னசமுத்திரம் சுங்கச்சாவடிக் கட்டணம் தனி. பஸ்ஸில் போகிறவர்கள் காஞ்சிபுரத்திலோ செங்கல்பட்டிலோ மாற வேண்டியிருக்கும். மூட்டையும் குழந்தையுமாக அதைச் செய்ய வேண்டாம்.

ஏன் ஓர் இரவு? காலையில் கிளம்பி அன்றே திரும்பும் குடும்பம் பத்து, பதினொரு மணிக்குப் போய்ச் சேருகிறது. அது பாறை தகிக்கும் நேரம். ஐந்து ரதங்களும் கடற்கரைக் கோயிலும் திறந்த வெளியில் நிற்பவை, சுற்றிலும் நிழல் குறைவு. பிள்ளைகள் "போதும், போகலாம்" என்கிறார்கள். உலகமே வந்து பார்க்கும் சிற்பங்களைச் சுடுகிற தரையில் குதித்துக் குதித்துப் பார்த்துவிட்டு, நான்கு மணிக்குக் கடல் இதமாகும்போது, இருட்டுவதற்குள் நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டுமே என்ற அவசரத்தில் கிளம்புகிறார்கள்.

ஓர் இரவு தங்கினால் எல்லாம் மாறுகிறது. மதியச் சாப்பாட்டை வீட்டிலேயே முடித்துவிட்டுப் பன்னிரண்டு மணிக்குக் கிளம்புங்கள். கட்டுச்சோறு வேண்டாம், மூன்று மணிக்கு யாரும் எழ வேண்டாம். வெயில் காருக்கு வெளியே கழியும். நான்கு மணிக்கு அறையில் பையைப் போட்டுவிட்டு நேராக மணலுக்குப் போய்விடலாம். மறுநாள் விடியலில் இன்னொரு முறை. தொல்லியல் துறை ஆறு மணிக்கே கடற்கரைக் கோயிலைத் திறந்துவிடும். இந்தியர்களுக்கு 40 ரூபாய் டிக்கெட், 15 வயதுக்குட்பட்டவர்களுக்கு இலவசம். அதே டிக்கெட்டில் ஐந்து ரதங்களையும் பார்க்கலாம். கிழக்கு நோக்கிய சன்னதி அது, எழும் வெயில் அதன் முகத்தில் விழும்போது கூட்டம் இருக்காது. பிறகு அர்ச்சுனன் தபசு. கையைத் தூக்கித் தவம் செய்கிற பூனையையும் அதைச் சுற்றி நிற்கிற எலிகளையும் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், எட்டு வயதுப் பையன் யார் சொல்லியும் கேட்காமல் அரைமணி நேரம் நிற்பான். ஒன்பது மணிக்கு அறைக்குத் திரும்பிக் குளித்துவிட்டால் நடுப்பகல் கையில் இருக்கிறது.

அந்த நடுப்பகலுக்கு இரண்டு இடங்கள் சொல்வேன். வடக்கே முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிணசித்ரா, தென்னிந்திய வீடுகளைத் திண்ணையும் முற்றமுமாகப் பெயர்த்து வைத்திருக்கும் இடம். 1996-இல் திறந்தது, செவ்வாய்க்கிழமை விடுமுறை, நுழைவுக் கட்டணம் சற்று அதிகம். ஆயாவுக்கு இந்த இடம் பிடிக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் தன் பிறந்த வீட்டைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுவார். இன்னொன்று வடநெம்மேலி முதலைப் பண்ணை, 1976-இல் தொடங்கியது, திங்கட்கிழமை விடுமுறை. மர நிழலில் நடந்தே பார்த்துவிடலாம்.

தெற்கே போவதற்கும் ஒரு காரணம் வைத்திருக்கிறேன். நம் பாலாறு கடலில் கலப்பது வாயலூரில், மாமல்லபுரத்துக்குத் தெற்கே கல்பாக்கத்தையும் சதுரங்கப்பட்டினத்தையும் தாண்டி. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, நம் ஊரில் மணலாகக் கிடந்து, கடைசியில் போய்ச் சேரும் இடம் அது. வேலூர்ப் பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒருமுறையாவது கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தில் நின்று அதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. போகிற வழியில் சதுரங்கப்பட்டினத்தில் டச்சுக்காரர் கோட்டையும் கல்லறைகளும் இருக்கின்றன. அரைமணி நேரம் போதும்.

கணக்கில் வராத செலவு என்று பார்த்தால், அறை முக்கியம். வார இறுதியில் வாடகை ஏறும், முடிந்தால் ஞாயிறு மாலை போய்த் திங்கள் திரும்புங்கள். அறையைக் காலி செய்ய வேண்டிய நேரம் பத்தா, பன்னிரண்டா என்று பதிவு செய்யும்போதே கேட்டுவிடுங்கள். உப்பு நீரில் குளித்த பிள்ளைகளைக் கழுவ அறை இல்லையென்றால் காரும் உடையும் மணலாகி, ஊர் வரும்வரை அரிப்பும் அழுகையுமாக இருக்கும். இங்கே கடல் கரையை விட்டதும் சட்டென்று ஆழமாகிறது, அலையும் வலுவாக அடிக்கிறது. மெரினாவைவிட மணல் நடை குறைவு என்பதால் தண்ணீரும் அருகிலேயே இருக்கிறது, ஆகவே கண்காணிப்பு இங்கே இருமடங்கு வேண்டும்.

புதுச்சேரி: இரண்டு இரவுக்குக் குறைந்தால் வேண்டாம்

ஆற்காடு, செய்யாறு, வந்தவாசி, திண்டிவனம் வழியாக 150 கிலோமீட்டருக்கு மேல். தொலைவில் மாமல்லபுரத்துக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை என்று தோன்றும். ஆனால் திண்டிவனம் வரை ஊர்களுக்குள் புகுந்து போகும் சாலை அது. நான்கு மணி நேரம் ஒதுக்குங்கள்.

புதுச்சேரியைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். ஊரின் கடற்கரைச் சாலையில் பெரும்பகுதி கருங்கல் கரை. 1989-இல் துறைமுகம் கட்டிய பிறகு வடபக்கத்து மணலைக் கடல் அரித்துக்கொண்டு போனது, கல் கொட்டித்தான் ஊரைக் காத்தார்கள். கடலுக்குள் திட்டு அமைத்துச் சிறிதளவு மணலை மீட்டிருக்கிறார்கள். மணலில் வீடு கட்டி அலையில் ஓட வேண்டும் என்று வரும் பிள்ளைக்கு அது போதாது. சுண்ணாம்பாற்றில் படகேறிப் போகும் கடற்கரைக்கோ, சின்ன வீராம்பட்டினத்துக்கோ போக வேண்டும். அதற்குப் படகு வரிசை, வண்டி, ஒரு முழு அரைநாள் தேவை. சின்னக் குழந்தைகள் உள்ள குடும்பம் இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இல்லை.

அதே கல்கரைதான் பெரியவர்களுக்கு வரம். மாலை ஆறு மணி முதல் காலை ஏழரை வரை கடற்கரைச் சாலையில் வண்டிகள் வராது. காந்தி சிலையிலிருந்து இரு பக்கமும் சமதளம். செருப்பைக் கழற்றாமல், மணல் படாமல், அலைச்சத்தம் கேட்டுக்கொண்டே ஒரு மணி நேரம் நடக்கலாம், களைத்தால் உட்காரலாம். ஆயாவையும் தாத்தாவையும் மட்டும் மனத்தில் வைத்துக் கேட்டால் மூன்றில் முதலிடம் இதற்குத்தான். நடுப்பகலுக்கும் இந்த ஊர் ஏற்றது. பாரதி பூங்கா, 1826-இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா, 1908 முதல் 1918 வரை புதுச்சேரியில் வாழ்ந்த பாரதியின் நினைவில்லம் என எல்லாம் அருகருகே இருக்கின்றன.

பணம்தான் இங்கே கையைக் கடிக்கும். வார இறுதியில் சென்னையும் பெங்களூரும் சேர்ந்து வந்து இறங்குகின்றன. புத்தாண்டை ஒட்டிய வாரத்தில் அறை வாடகை குடும்பங்களுக்குக் கட்டுப்படியாகாது. மதுவுக்காக வருகிற கூட்டமும் அந்த நாட்களில் மிகுதி, இரவில் குழந்தைகளோடு நடக்கச் சங்கடமாக இருக்கும். செவ்வாய், புதன், வியாழனில் போனால் அதே ஊர் அமைதியாக இருக்கும். வளர்ந்த பிள்ளைகள், நிதானமாக நடக்க விரும்பும் பெற்றோர், நடுவாரத்தில் விடுப்பு எடுக்க முடிந்த வேலை, இவை மூன்றும் சேர்ந்தால் புதுச்சேரிக்குத் தயங்காமல் போங்கள்.

ஒரே பார்வையில்

| | மெரினா (ரயில், ஒரு நாள்) | மாமல்லபுரம் (கார், ஓர் இரவு) | புதுச்சேரி (கார், இரண்டு இரவு) |
|---|---|---|---|
| நடுப்பகல் | எழும்பூர் அருங்காட்சியகம் | அறை, தட்சிணசித்ரா, முதலைப் பண்ணை | அறை, பூங்காக்கள் |
| பெரியவர் நடை | நீண்ட மணல். மரப்பாதை உண்டு | மணல் குறைவு | சமதளச் சாலை |
| பிள்ளை விளையாட | நிறைய மணல், குளிக்கத் தடை | மணலும் அலையும், ஆழம் கவனம் | ஊருக்கு வெளியே போக வேண்டும் |
| பணம் | மிகக் குறைவு | நடுத்தரம் | அதிகம் |
| அப்பாவின் ஓய்வு | முழுமையாக உண்டு | ஓரளவு | இரண்டாம் நாள் |

கடல் வேண்டாம் என்றாகும் நாள்

கைக்குழந்தை இருக்கிறது, அல்லது வீட்டில் ஒருவர் மருத்துவமனையிலிருந்து இப்போதுதான் திரும்பியிருக்கிறார் என்றால் நூறு மைல் தொலைவு வேண்டாம். கோட்டைக்குப் போங்கள். அகழித் தண்ணீரும் புல்வெளியும் மாலைக் காற்றும் காசில்லாமல் கிடைக்கின்றன. ஏறக்குறைய நானூறு ஆண்டுகள் வழிபாடு இன்றிக் கிடந்து, 1981-இல் சத்துவாச்சாரியிலிருந்து லிங்கம் திரும்பி வந்து உயிர்பெற்ற ஜலகண்டேஸ்வரர் கோயில் உள்ளேயே இருக்கிறது. அதன் கல்யாண மண்டபத் தூண்களைச் சென்னையிலிருந்து வந்து பார்க்கிறார்கள், நாம் பூ வாங்கும் அவசரத்தில் கடந்துவிடுகிறோம். குளிர்ச்சிதான் தேவை என்றால் 14 கொண்டை ஊசி வளைவு ஏறி ஏலகிரிக்குப் போகலாம், பிள்ளைகளுக்குப் புங்கனூர் ஏரியில் படகு உண்டு. 25 கிலோமீட்டரில் அமிர்தி இருக்கிறது, ஆனால் அதன் அருவி மழைக்காலத்துக்குப் பின்தான் அருவி.

எந்த விடுமுறைக்கு எது?

கத்திரி வெயில் நாட்களில் மே மாத நடுவில் போவதாக இருந்தால் அறை இல்லாமல் எங்கும் போகாதீர்கள். அப்போது மெரினா ஒருநாள் பயணத்தையும் தள்ளிவைக்கச் சொல்வேன். ஏப்ரல் கடைசி வாரம் அல்லது ஜூனில் பள்ளி திறக்கும் முன் உள்ள நாட்கள் சற்றுப் பரவாயில்லை. தீபாவளியை ஒட்டிய விடுமுறையில் வடகிழக்குப் பருவமழை நடுவே கடல் கொந்தளிக்கும், மீனவர்களே படகை ஏற்றிவைத்திருப்பார்கள். அந்த நாட்களில் கரையில் நின்று பார்ப்பதோடு சரி, அதற்குப் புதுச்சேரியின் கல்கரை பொருத்தம்.

அரையாண்டு விடுமுறைதான் பொன்னான நேரம். டிசம்பர் கடைசி வாரத்தில் மழை ஓய்ந்திருந்தால் பதினொரு மணி வரைகூட மணலில் இருக்கலாம், முன்பு சொன்ன நடுப்பகல் சிக்கல் பாதியாகக் குறைகிறது. மாமல்லபுரத்தில் சுற்றுலாத் துறையின் நாட்டிய விழாவும் அந்தப் பருவத்தில்தான் நடக்கிறது. கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாட்களில் போய்விட்டுப் புத்தாண்டு நெரிசலுக்கு முன் திரும்பிவிடுங்கள்.

காணும் பொங்கல் அன்று மட்டும் மெரினாவுக்கோ மாமல்லபுரத்துக்கோ வேண்டாம். கூட்டத்தில் பிள்ளைகள் தொலைந்துவிடாமல் இருக்கச் சென்னைக் காவல்துறையினர் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய பட்டையைக் குழந்தைகளின் கையில் கட்டிவிடுகிற நாள் அது. அந்தப் பழக்கத்தை மட்டும் எல்லா நாளும் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தக் கடற்கரைக்குப் போனாலும், வண்டியிலிருந்து இறங்கும் முன்பே குழந்தையின் மணிக்கட்டில் உங்கள் எண்ணை அழியாத மையில் எழுதிவிடுங்கள், வழி மறந்துவிடும் பெரியவர்களின் சட்டைப்பையிலும் ஒரு சீட்டில் எழுதி வையுங்கள்.